ரஷ்யப் பிள்ளைக்குக் கொடுத்த லேகியம்

எனக்கு வாய் நீளம் என்று என் கணவர் கல்யாணம் செய்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மைதான். அழுகல் கத்தரிக்காயைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரனையும் விட்டதில்லை, கவுன்சில்காரனையும் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், பேசியே ஆகவேண்டிய ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் ஒரு பெண்பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கை அந்தரத்தில் தொங்கியது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். நாங்கள் லண்டனில் ஸ்ட்ரெதமில் இருந்தோம். ஜெர்மனியில் பத்து வருடம், பிரான்சில் ஆறு வருடம் இருந்துவிட்டுப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவர்கள். கணவர் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை செய்தார். நான் ஒரு பாமசியில் கவுண்டரில் நின்றேன். வருகிறவர்களிடம் நாளைக்கு நூறு தடவை ஒரே கேள்வியைக் கேட்பது என் வேலை: வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? வீட்டு வைத்தியம், மூலிகை, எதுவானாலும் சொல்லுங்கள். சொல்லாதவர்களை ஏசியும் இருக்கிறேன்.

மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஜூன் மாதத்தில் டென்னிஸ் விளையாட வரும் பிள்ளைகள் ஹோட்டலில் தங்க வசதியில்லாமல் வீடுகளில் அறை தேடுவார்கள் என்று கூட வேலைசெய்த ஒருத்தி சொன்னாள். பெயர் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தன் உயரத்துக்கு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்து நின்றாள். ரஷ்யக்காரி. இருபத்திரண்டு வயது.

அந்த வருடங்களில் பெண்கள் டென்னிஸில் திரும்பிய பக்கமெல்லாம் ரஷ்யப் பெண்கள்தான். பேப்பரைத் திறந்தால் அவர்களின் படம். எங்கள் வீட்டுக்கு வந்தவளின் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. உரால் மலைப் பக்கத்துத் தொழிற்சாலை நகரம் ஒன்றில் பிறந்தவள். ஆறு வயதில் மட்டை பிடித்தாள். பதினான்கு வயதில் தனியாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். சின்னவர்களுக்கான போட்டிகளில் அவளிடம் தோற்ற பிள்ளைகள் இப்போது டிவியில் வந்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பது வயதில் தோள்மூட்டு போனது, ஒரு வருடம் படுக்கை. எழுந்து பார்த்தபோது தரவரிசையில் இருநூறுக்கும் கீழே கிடந்தாள்.

இதையெல்லாம் முதல் நாளே சமையலறை மேசையில் இருந்து சொன்னாள். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் நொண்டிதான், ஆனாலும் விளங்கியது. பெரிய போட்டிக்குள் நுழைய முதலில் தகுதிச் சுற்று இருக்கிறது, அதில் மூன்று ஆட்டமும் வெல்லவேண்டும் என்றாள். வென்றால் அவளுடைய பயிற்சியாளர் கைவிடாமல் தொடர்ந்து பயிற்சி கொடுப்பார். தோற்றால் ஊருக்குத் திரும்பிச் சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் படிப்பிக்கவேண்டும். தகப்பன் அப்படிச் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு அது வேண்டாம். நான் இன்னும் விளையாடி முடிக்கவில்லை," என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிள்ளையில்லாத வீடு எங்களுடையது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இருமத் தொடங்கினாள். சும்மா இருமல் இல்லை, நெஞ்சைப் பிடுங்குகிற இருமல். பாமசியிலிருந்து ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். மருந்து கூடாது, இருமலுக்குக் குடிக்கும் பாணியில்கூட தடைசெய்த சாமான் இருக்கும், போட்டி முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், பிடிபட்டால் எல்லாம் முடிந்தது என்றாள். சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். என் புட்டையும் எழுதினாள்.

எங்கள் அலுமாரியில் ஒரு பழைய ஜாம் போத்தல் நிறைய லேகியம் இருந்தது. அது ஊரில் போர் நின்று, சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலம். மச்சாள், என்றால் கணவரின் அக்கா, யாழ்ப்பாணம் போய்வந்தபோது அங்கே ஒரு பரியாரியாரிடம் வாங்கி வந்தது. நாட்டு வைத்தியரை நாங்கள் பரியாரியார் என்போம். இருமலுக்கு அவருடைய லேகியத்தை அடிக்க ஆள் கிடையாது என்று மச்சாள் சத்தியம் பண்ணினாள். போத்தலில் லேபிளும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. அதில் ஒரு கரண்டி எடுத்துச் சூடான பாலில் கரைத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் மணந்து பார்த்தாள். "இது மருந்தா?"

"இல்லை. சாப்பாடுதான். மிளகு, இஞ்சி, தேன்."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

"நீங்கள் பாமசியில் வேலை செய்கிறவர்," என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். கொப்பியில் 'பால், இஞ்சி' என்று எழுதினாள்.

நான் பொய் சொல்லவில்லை. அது சாப்பாடு என்றே நம்பினேன். எங்கள் ஆட்களுக்கு டொக்டர் தருவது மருந்து, பரியாரியார் தருவது உடம்புக்கு நல்லது. அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது. வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் மூளையை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டேன் போல.

இருமல் மாயமாக நின்றது. திங்கட்கிழமை முதல் ஆட்டம் வென்றாள். அன்றைக்கும் பால் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவதையும் வென்றாள். சாயந்தரம் சிரித்துக்கொண்டு வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே, "இன்றைக்கு என்னைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், ஒரு மணித்தியாலம் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தேன்," என்றாள். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்ததாம். அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாளாம்.

கவுண்டரில் நான் நாளைக்கு நூறு தடவை கேட்கிற அதே கேள்வி. அவள் குளிக்க மேலே போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் அலுமாரியைத் திறந்தேன், போத்தலை எடுத்தேன், மிச்ச லேகியத்தைச் சிங்கில் கொட்டிச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டேன். சவர்க்காரம் போட்டுப் போத்தலை இரண்டு தரம் கழுவினேன். பிறகு ஒரு பையில் சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போய், அங்கிருந்த பழைய போத்தல்கள் போடும் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை தன்பாட்டில் செய்தது. ஜெர்மனியில் அகதிகள் விடுதியில் இருந்தபோது அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம். சொந்தக்காரரைப் பார்க்கக் களவாகப் போய்வருவோம். கதவில் தட்டுக் கேட்டால் முதல் வேலை, ரயில் டிக்கெட்டைக் கிழித்து டொய்லெட்டில் போட்டுத் தண்ணீர் அடிப்பது. பிறகுதான் கதவைத் திறப்போம். லண்டனில் என்னிடம் முழுப் பாஸ்போர்ட் இருந்தது, ஒருவரும் கதவைத் தட்டவும் இல்லை. ஆனாலும் கழுவிவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை விடியவே மழை. தகுதிச் சுற்று நடக்கும் ரோஹாம்ப்டனில் எல்லா ஆட்டமும் நிறுத்தம், நாளைக்குத்தான் என்று அவளுக்குப் போன் வந்தது. எனக்கும் அன்றைக்கு ஷிப்ட் இல்லை. மேலே அவள் துள்ளித் துள்ளிக் கயிறு அடிக்கும் சத்தம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மேலே அவள் அறைக்கு அடுத்திருந்த எங்கள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிநாட்டுக்குப் பேசும் போன் காட்டைச் சுரண்டினேன். மச்சாளிடம் நம்பர் வாங்கி, மூன்றாம் முறை முயன்றபிறகு பரியாரியார் லைனில் வந்தார்.

"ஐயா, உங்கட இருமல் லேகியத்துக்குள்ள என்னென்ன போடுறனீங்கள்?"

"பிள்ளை, அது பரம்பரை மருந்து. அப்பர் எனக்குச் சொன்னவர், நான் என்ர மகனுக்குச் சொல்லுவன். வேற ஆருக்கும் சொல்லேலாது."

"மூலிகை எல்லாம் உங்களோடையே இருக்கட்டும் ஐயா. இங்கிலிஷ் மருந்து ஏதும் கலக்கிறனீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"ஒரு பிள்ளையின்ர சீவியம் ஐயா. கெஞ்சிக் கேக்கிறன்."

அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. ரெண்டு நாளில சுகம் வராட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகினம். அதுக்காக கொஞ்சம் குளிசை இடிச்சுப் போடுறனான். தொய்வுக்குக் குடுக்கிற அந்தச் சின்ன வெள்ளைக் குளிசைதான். ஒரு பிழையும் செய்யாது."

தொய்வு என்றால் ஆஸ்துமா. சின்ன வெள்ளைக் குளிசை என்றால் ஸ்டீரொய்ட் மாத்திரை. தினமும் நான் எண்ணிப் போத்தலில் போட்டுக் கொடுக்கிற சாமான். போட்டிக் காலத்தில் விளையாடுகிறவர்கள் அதை விழுங்கக்கூடாது என்பது எனக்கே தெரியும். பரியாரியாரை வாயில் வந்தபடி ஏசினேன். அவர் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். கட்டிலில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கயிறு டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீர் இப்ப ஒண்டும் சொல்லாதேயும். நாளைக்கு மட்ச். சொன்னா அவள் பிள்ளை உடைஞ்சு போடுவாள்."

"சொல்லாட்டி?"

"நாளைக்குத் தோத்தா ஊருக்குப் போயிடுவாள். தோத்த பிள்ளையின்ர சோதனையை ஆர் பெரிசா எடுக்கப் போகினம்? பிறகு உம்மட வேலை. லேபிள் இல்லாத மருந்து குடுத்தனீர் எண்டு தெரிஞ்சா பாமசியில வைச்சிருப்பினமே?"

சோதனை சோதனைதான், வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

அன்று முழுக்க மழை விடவில்லை. நாலு தரம் படியேறிப் போனேன். ஒருதரம் தேத்தண்ணி கொண்டுபோனேன், ஒருதரம் துவாய். கதவு திறந்தே கிடந்தது. அவள் நிலத்தில் இருந்து மட்டைப் பிடிக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு விளையாடப்போகிறவளைச் சின்ன வயதில் மூன்று தரம் அடித்திருக்கிறேன்," என்று சிரித்தாள். "நல்லது," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். இரவுப் பால் வேண்டுமா என்று அவளே கேட்டாள். இஞ்சி முடிந்துவிட்டது என்றேன்.

வியாழக்கிழமை காலை முட்டை பொரித்துக் கொடுத்தேன். "வந்து பாருங்கள், எனக்காகக் கை தட்ட ஒருவரும் இல்லை," என்றாள். பாமசிக்குச் சுகமில்லை என்று போன் பண்ணிவிட்டுப் பஸ் பிடித்துப் போனேன்.

அங்கே பெரிய மைதானம் கிடையாது, டிவியில் காட்டுகிற கூட்டமும் கிடையாது. புல்தரைகள் வரிசையாக, இடையில் கயிறு. பார்க்கிறவர்கள் நின்றபடிதான். அவளுக்கும் எனக்கும் நடுவில் பத்து அடி இருந்திருக்கும். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

இப்போது சொல்லப்போவதை நான் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை. அவள் தோற்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். தோற்றால் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள், கடிதம் வந்தால் எங்கேயோ தூரத்தில் வரும், நான் அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. முதல் செட்டைத் தோற்றாள். எனக்கு மூச்சு வந்தது. எனக்கு மூச்சு வந்ததை நினைத்தால் இப்போதும் என்மேலே வெறுப்பு வருகிறது.

இரண்டாவது செட்டை எடுத்தாள். மூன்றாவதில் இரண்டு பேரும் மாறி மாறி எடுத்துக்கொண்டே போனார்கள். தகுதிச் சுற்றின் கடைசி செட்டில் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை விடமாட்டார்கள். ஏழுக்கு ஏழு. எட்டுக்கு எட்டு. அவள் தோளைப் பிடித்து நீவினாள். முழங்காலெல்லாம் புல்லுப் பச்சை. ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள், விழுந்த கிடையிலேயே அதைத் திருப்பி அடித்தாள். என்னையறியாமல் நான் கத்தினேன், தமிழில், "எழும்படி பிள்ளை" என்று. பிள்ளையாரை அதோடு விட்டுவிட்டேன். அவள் வெல்லவேண்டும் என்று ஆகிவிட்டது. வென்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே.

பத்துக்கு எட்டு என்று வென்றாள். மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கயிற்றுக்கு மேலால் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். வேர்வையும் புல்லும் மணந்தது. "உள்ளே போய்விட்டேன், உள்ளே போய்விட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குமேல் என்னால் ஏலவில்லை. அவளை ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். பால், லேகியம், குளிசை, எல்லாம்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வேகமாகப் பேசத் தொடங்கினாள். "போத்தல் இருக்கிறதுதானே? போத்தல் இருந்தால் பயமில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி விற்றமின் குளிசையில் பிடிபட்டாள். டப்பாவைக் கொடுத்தாள், அதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள், அவளை விட்டுவிட்டார்கள். எப்படி உள்ளே போனது என்று காட்டினால் போதும். போத்தல் எங்கே?"

"கழுவிவிட்டேன்."

அவளுக்கு விளங்கவில்லை. கழுவுவது என்று கையால் செய்து காட்டினேன். "எப்போது தெரியும்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை சந்தேகம். புதன்கிழமை மத்தியானத்துக்கு முன்பே முழுக்கத் தெரியும்."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிடித்த பிடி விடாமல் அதிகாரிகளின் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், "இதை இவர்களிடம் இன்னொருமுறை சொல்லுங்கள்," என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து வைத்தேன். ஏன் செவ்வாய்க்கிழமையே வந்து சொல்லவில்லை, அன்றைக்கே சொல்லியிருந்தால் படிவத்தோடு சேர்த்திருப்போமே என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். அன்று பின்னேரமே அவள் எங்கள் வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கணவர் பையைக் காரில் ஏற்றவா என்று கேட்கக் கேட்கத் தெருமுனையை நோக்கி நடந்தாள்.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அவள் பெரிய போட்டியில் விளையாடினாள், முதல் ஆட்டத்தை வென்றாள், இரண்டாவதில் தோற்றாள். பிறகு பரிசோதனையில் அந்த மருந்து இருந்தது என்று முடிவு வந்தது. தானாக வந்து சொன்னதால் தண்டனை குறைந்தது, சில மாதத் தடையோடு போயிற்று. ஆனால் அந்த நாலு வெற்றியும் அழிந்தது. பத்துக்கு எட்டும் அழிந்தது. பயிற்சியாளர் விட்டுவிட்டுப் போனார். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அடிமட்டத்திலிருந்து, பெயர் தெரியாத ஊர்களில் விளையாடி, மூன்று வருடம் கழித்து முதல் நூறுக்குள் வந்தாள். அந்த ஜூனுக்குப் பிறகு மொத்தம் ஒன்பது வருடம் விளையாடினாள். ஒவ்வொரு கிழமையும் முடிவுகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன். என் பாமசி வேலை போனது, அது போகவேண்டியதுதான்.

தண்டனையை முடிவுசெய்யும் விசாரணை அந்த வருடக் கடைசியில் லண்டன் நடுப்பகுதியில் ஓர் அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பரியாரியாரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்களாம், தான் ஒருநாளும் குளிசை கலந்ததில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆக என் வாய் மட்டும்தான் சாட்சி.

"இருமலுக்குக் கொடுத்த சாதாரண லேகியம் என்றால் ஏன் போத்தலைக் கழுவினீர்கள்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

ரயில் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். விடுதியைப் பற்றி, கதவில் விழும் தட்டைப் பற்றி. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது, எழுதிக்கொண்டார்கள். அவள் எதிர்ப் பக்கத்தில் தலை நிமிராமல் இருந்தாள்.

முடிந்து வெளியே வந்தபோது கட்டடத்தின் படியில் அவள் தனியாக நின்றாள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள்தான் கூப்பிட்டாள்.

மன்னித்துக்கொள் என்றேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வசனங்களில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"போத்தலுக்காக எனக்குக் கோபம் இல்லை," என்றாள். "இன்றைக்கு அது விளங்கியது. எங்கள் ஊரிலும் பழைய ஆட்கள் கதவு தட்டினால் கடிதங்களை எரிப்பார்கள். பாலுக்காகவும் கோபம் இல்லை. நீங்கள் நல்லதுக்குத்தான் தந்தீர்கள்."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனால் அந்தப் புதன்கிழமை, நாள் முழுக்க நான் அடுத்த அறையில்தானே இருந்தேன்."